பதினைந்தாம் பக்கம்

பதினான்காம் பக்கத்தோடு படங்கள் முடிந்திருக்க வேண்டும். அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியில் பதினைந்தாம் பக்கத்திலும் ஒரு படம் இருந்தது.

கட்டில், அலமாரி செய்யும் கம்பெனிகளுக்கு, அவற்றின் பாகங்களைப் பொருத்தும் விதம் சொல்லும் கையேடுகளை வீட்டிலிருந்தே தயாரிக்கிறவள் அவள். நடுவில் கம்பிப் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் ஏறும். பதினான்குக்கு மேல் மிஞ்சிய இரண்டையும் வெறுமையாக விட்டுத்தான் அனுப்பியிருந்தாள். இந்த முறை குழந்தைக் கட்டில். மாதிரிக்கு வேறு எங்கே போய் அலைவது என்று, பக்கத்து அறையில் மகள் படுக்கிற கட்டிலையே, மகளோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, அதன் மேல் கோடு இழுத்துவிட்டாள். கையேட்டுப் படத்தில் வருகிற ஆளுக்கு முகம் இருக்கக் கூடாது. கண்ணும் மூக்கும் இருந்தால் பார்க்கிறவன் வேலையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் பன்னிரண்டு படத்திலும் மகளின் முகத்தைத் துடைத்து, வெறும் வட்டமாக்கியிருந்தாள்.

போனை எடுத்து அச்சகக்காரரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, கடைசி ரெண்டு பக்கம் வெறுமையாத்தானே அனுப்பினேன்? பதினஞ்சுல என்னத்தைப் போட்டு வெச்சிருக்கீங்க?”

“நல்லா கேட்டே போ! நீ அனுப்பினதைத்தாம்மா போட்டேன். பதினாறு பக்கமும் ரொம்பித்தான் வந்துச்சு. நானா உக்காந்து படம் வரையப் போறேன்?”

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பதினாறாம் பக்கம் என்பது பின்னட்டை. அதைத் திருப்பிப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை.

மணி மூன்றுதான், ஆனால் மழை கட்டி நின்றதில் அறை முழுக்க மங்கிக் கிடந்தது. சன்னலின் தகரக் கூரையில் எப்போதோ ஒரு சொட்டு விழுந்தது, புது மையின் வாடை மூக்கில் ஏறியது, அந்த வாடை கையிலிருந்த தாளிலிருந்து மட்டும் வரவில்லை, பக்கத்து அறைக் கதவின் இடுக்கிலிருந்தும் மெல்லக் கசிந்து வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்காத பிள்ளை இன்று இரண்டு மணி நேரமாகத் தூங்குகிறாள். வேலை ஓடுகிறதே என்று அவளும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள், பாவி.

படத்தை மறுபடி பார்த்தாள். கோடு அவளுடைய கோடுதான். அதே கட்டில். பின்னால், பக்கத்து அறைச் சன்னலில் தொங்கும், ஓரம் கிழிந்த அதே திரை. அந்தத் திரையை அவள் எந்தப் படத்திலும் வரைந்ததில்லை. கட்டிலுக்குள் தூங்கும் வட்டத் தலை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை மேலே நீண்டிருந்தது. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு மூன்றாக மடிப்பு. அதன் விரல், பக்கத் தடுப்பை இறக்கும் தாழ்மேல். பக்கத்தில் அம்புக்குறி. கீழே, அவள் நான்காம் பக்கத்தில் எழுதிய அதே வரி.

‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தவும்.

அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள்.

பக்கத்து அறையில், டக்.

தடுப்புக்கு இரண்டு தாழ்.

டக்.

“பாப்பா!”

ஓடினாள். கதவைத் தள்ளினாள். தடுப்பு இறங்கிக் கிடந்தது. மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டி. முழுசாக.

“அப்பாடா... உசிரே போயிடுச்சுடி தங்கம்.”

தொட்டுத் தூக்கக் கையை நீட்டினாள். கையேடு நழுவித் தரையில் விழுந்தது. பின்னட்டை மேலாக.

அதில் ஒரு முகம். முகம் மட்டும். அவளே அத்தனை முறை துடைத்த முகம். அதே இமை. அதே தாடை மச்சம். வாய் அகலத் திறந்து அழுதது. கண்ணுக்குக் கீழே தாள் நனைந்திருந்தது.

கட்டிலில் இருந்தது மெல்லத் திரும்பியது.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. வெறும் வட்டம்.

அம்மா தூக்கிக்கொள்ளட்டும் என்று, இரண்டு கையையும் மேலே நீட்டியது.