வாராக்கடன்

மருத்துவமனைக்குள் நுழைபவர் எவராயினும் வாசலிலுள்ள நேரமானியில் மணிக்கட்டை வைத்தாக வேண்டும். நோயாளியருகே அமரும் நேரம் அமர்பவரின் பொழுதுக்கணக்கிலிருந்து கழியும். பனிமேரி வழக்கம்போலக் கையை வைத்தாள். கதவு திறக்கவில்லை; அறிவிப்புதான் வந்தது. ‘அறிவிக்கப்படாத வருமானம். மாலைக்குள் விளக்கம் தராவிடில் கணக்கு முடக்கப்படும்.’

உள்ளே, அவள் மகள் ஆக்னஸின் மூக்கில் உயிர்வளிக் குழாய் செருகியிருந்தது. பக்கத்தில் தாய் இல்லாவிட்டால் பயந்து பிடுங்கிவிடுவாள், ஏற்கெனவே பிடுங்கியிருக்கிறாள்.

காலவரி அலுவலகத்துக்கு ஓடினாள். காசு வழக்கொழிந்த நாளிலிருந்து, ஒருவர் மற்றவருக்கு அளிக்கும் பொழுதே வருமானம். துணைக்கு நடந்து வந்தால் வருமானம். அளிப்பதாக வாய்விட்டுச் சொன்னாலோ, அது வரவேண்டிய வருமானம். வீட்டு வாசல்தோறும் செவிப்பொறி உண்டு.

எழுத்தர் எபநேசர் திரையைப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர் கடல்பாசிப் பண்ணைக்குக் கெளம்புறப்ப ‘வாரேன்’னு சொல்லிருக்காரும்மா. எவ்வளவு நேரத்துக்குன்னு சொல்லாததால, மிச்ச ஆயுசு பூராவையும் உங்களுக்குத் தர்றதாப் பொறி எடுத்துக்கிடுச்சு.”

“வாசல்ல நின்னு ‘போறேன்’னு யாராச்சும் சொல்லுவாகளா சார்? வாய் கூசாதா?”

“எனக்குத் தெரியும். பொறிக்குத் தெரியாதே.”

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். “எம் மாமியா ‘வாரேன்’னா சொன்னபடி வந்துருவா சார். அதுக்கு நஷ்டஈடு உண்டா?”

சிலர் சிரித்தனர். பனிமேரியின் முகத்தைப் பார்த்ததும் அவரே தலைகுனிந்தார். புயல் பண்ணைமிதவையை அடித்துச் சென்றது ஊரறிந்த செய்தி. அவள் கணவன் தேவசகாயத்தைத் தேடி வான்தேடிகள் இன்னும் கடல்மேல் சுற்றிக்கொண்டிருந்தன.

“வரியக் கட்டிர்றேன் சார். எம் பொழுத எடுத்துக்கிடுங்க.”

“பிள்ளைகிட்ட உக்கார ஒரு நிமிஷம்கூட மிஞ்சாதும்மா.” எபநேசர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. வாராக்கடன்னு தள்ளிரலாம். அவர் வரமாட்டார்னு உங்க வாயால சொல்லணும்.”

“சொன்னா?”

“வரி போயிரும்.” அவர் பார்வை மேசையை விட்டு எழவில்லை. “எதிர்பார்க்க ஆள் இல்லாதவரத் தேடப் பொழுது ஒதுக்க மாட்டாங்க. வான்தேடியத் திருப்பிக் கூப்பிட்டுருவாங்க.”

“வருவாகன்னும் சொல்லாம, வரமாட்டாகன்னும் சொல்லாம இருக்கக் கூடாதா?”

“அதுக்குப் பொறியில இடமில்லம்மா.”

“எனக்கு வேற எப்படியும் இருக்கத் தெரியலையே சார்.”

சன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆக்னஸின் விரல்கள் இப்போது எங்கே துழாவிக்கொண்டிருக்குமோ! பனிமேரி ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தாள்.

“அவுக... வரமாட்டாக.”

‘தெளிவாகச் சொல்லவும்’ என்றது பொறி.

மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். இம்முறை அது ஏற்றுக்கொண்டது.

மருத்துவமனைக் கதவு தடையின்றித் திறந்தது. ஆக்னஸ் குழாயைப் பிடுங்கியிருக்கவில்லை. கடல் தெரியும் சன்னலோரம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அந்தி வானில் விளக்குகள் வரிசையாகக் கரை நோக்கி வந்துகொண்டிருந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு அக்குழந்தையின் முகம் மலர்ந்திருந்தது.

“யம்மா, அங்க பாரேன், எல்லாம் திரும்பி வருது! அப்பாவக் கண்டுபிடிச்சிட்டாங்களா?”