சுமன் ஏறாத படகு

ஞாயிற்றுக்கிழமை புது மோட்டாரைப் பொருத்தியபோது படகு பறந்தது. திங்கட்கிழமை அதே படகு ஊர்ந்தது.

படகை ஓட்டுவது ஜெயந்தினியின் அம்மா ஜீவராணி. கல்லுமலைத் தேயிலைத் தோட்டம் டேமுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். ரோட்டைச் சுற்றிப் போனால் கால் ஓய்ந்துவிடும். அதனால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் காலையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜீவராணியின் படகில் ஏறிவிடுவார்கள்.

பழைய மோட்டார் போன மாதம் ஒரேயடியாக நின்றுபோனது. கோவில் கமிட்டிக்காரர்கள் தேடிப்பிடித்து வேறொரு மோட்டார் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது நீர்கொழும்பில் சுற்றுலாப் படகு ஒன்றில் ஓடியது. பழையதைவிடப் பலம் கூடியது என்று சொன்னார்கள்.

அம்மா தனியாக ஓட்டிப் பார்த்தபோது, முகத்தில் காற்று அடித்துத் தலைத்துண்டே பறந்துவிட்டது. கரையில் நின்ற ஜெயந்தினி கைதட்டினாள்.

மறுநாள் பிள்ளைகள் ஏறியதும் கதை மாறிவிட்டது. மோட்டார் 'ம்ம்ம்...' என்று முனகியது. கறுப்புப் புகை கக்கியது. அம்மா எவ்வளவு முறுக்கினாலும் படகு வேகம் எடுக்கவில்லை. பாதித் தூரத்திலேயே பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

"சுமன் இறங்கினா போட் பறக்கும்" என்றான் விஜிதரன்.

எல்லோரும் சிரித்தார்கள். சுமன் ஜெயந்தினியின் வகுப்பில் படிப்பவன். வகுப்பிலேயே பெரிய உருவம் அவனுக்குத்தான். அவனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு கரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் சுமன் படகுக்கு வரவில்லை.

முதல் பாடம் முடியும் நேரத்தில்தான் வகுப்புக்கு வந்தான். சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. உட்கார்ந்ததும் காலுறையைக் கீழே இறக்கி, ரத்தம் குடித்துக்கொண்டிருந்த ஓர் அட்டையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தான்.

"நடந்தா வந்த?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

"ம்."

"ஏன்?"

"சும்மாதான். நடக்கிறது உடம்புக்கு நல்லதாம்."

அடுத்த நாளும் நடந்துதான் வந்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஜெயந்தினிக்குப் பொறுக்கவில்லை. படகில் போகும்போது விஜிதரனிடம் கேட்டாள்: "இன்னைக்கு சுமன் ஏறலதானே?"

"ஏறல."

"அப்ப போட் ஏன் பறக்கல?"

விஜிதரன் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் ஒரு நீர்க்காகம் படகை முந்திக்கொண்டு நீந்திப் போனது. 

சனிக்கிழமை அம்மா மோட்டாரின் அடியில் இருந்த புரொப்பெல்லரைக் கழற்றினாள். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுவது அதுதான். மூன்று இதழ்கள் இருப்பதால் பிள்ளைகள் அதை 'ஃபேன்' என்பார்கள்.

"எங்கயாவது வளைஞ்சிருக்கும். ஹட்டன் டவுன்ல மோட்டார் கடை முஹ்ஸின் நானாகிட்ட காட்டுவோம்" என்று அம்மா அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டாள்.

ஜெயந்தினியும் கூடப் போனாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். பெரிய மேடு வந்தது. பஸ் முனகியது. அதே 'ம்ம்ம்' சத்தம். ஜெயந்தினி நிமிர்ந்து பார்த்தாள். டிரைவர் கியரைக் குறைத்தார். முனகல் நின்று, பஸ் மெதுவாக, ஆனால் திணறாமல் மேடேறியது.

"அம்மா, நம்ம போட்ல கியர் இல்லையா?"

"முன்னுக்கு ஒன்னு, பின்னுக்கு ஒன்னு. அவ்வளவுதான். மேட்டுக்குன்னு தனியா எல்லாம் இல்ல."

முஹ்ஸின் நானாவின் கடை மோட்டார் சாமான்களால் நிறைந்திருந்தது. அவர் புரொப்பெல்லரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளையவும் இல்ல, உடையவும் இல்ல. நல்ல சாமான்."

அம்மாவின் முகம் வாடியது. "அப்ப மோட்டார்லதான் கோளாறா நானா?"

ஜெயந்தினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இதேபோன்ற புரொப்பெல்லர்கள் தொங்கின. அளவு ஒன்றுதான். ஆனால் இதழ்கள் ஒரே மாதிரி இல்லை.

"நானா, எங்க ஃபேன்ல இதழ் ரொம்ப முறுக்கி நிக்குது. சுவர்ல இருக்கிறதுல கொஞ்சம் படுத்திருக்கு. ஏன்?"

"அதுதான் மகள் பிட்ச்" என்றார் நானா. ஒரு திருகாணியை எடுத்து மரப்பலகையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அது கொஞ்சம் உள்ளே போனது. "ஒரு சுத்துக்கு இது இவ்வளவு தூரம் முன்னுக்குப் போகுது. ஃபேனும் அப்படித்தான். உங்கட ஃபேன் பன்னெண்டு இஞ்சி. ஒரு சுத்துக்குப் பன்னெண்டு இஞ்சி, அதாவது ஒரு அடி, தள்ளப் பாக்கும். அந்தா தொங்குறது எட்டு இஞ்சி. எல்லாரும் பெரிய நம்பரைத்தான் கேப்பாங்க. அதுலதானே வேகம்."

ஜெயந்தினி யோசித்தாள். "வேகமா போற கியர்ல பஸ் மேடேறாதுதானே? அம்மா தனியா போனா போட் பறக்குது. நாங்க எல்லாரும் ஏறினா முனகுது. ஒவ்வொரு சுத்துக்கும் அவ்வளவு தள்ள மோட்டாருக்கு முடியலயோ?"

நானா திருகாணியைக் கீழே வைத்தார். "உங்கட போட்ல ஆட்கள் நிறையவா?"

"நிறைஞ்சுதான் போகும்" என்றாள் அம்மா.

"அதை முதல்லயே சொல்லியிருக்கணும். டூரிஸ்ட் போட்ல ரெண்டு பேர் போவாங்க. அதுக்குப் போட்ட ஃபேன் இது. உங்களுக்குக் குறைஞ்ச பிட்ச்தான் வேணும்."

"எட்டா?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

"எட்டா பத்தான்னு இங்க இருந்து சொல்ல ஏலாது." எட்டு இஞ்சி, பத்து இஞ்சி இரண்டையும் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டையும் கொண்டு போங்க. எப்பவும் போற ஆட்களை ஏத்திப் பாருங்க. ஒராள் குறைஞ்சாலும் கணக்குப் பிழைச்சுப் போகும். சரி வராததைத் திருப்பித் தாங்க."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் படகில் போவதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? சுமன் மட்டும் வரவில்லை.

"பரவாயில்ல, ஏறுங்க" என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜெயந்தினி சுமனின் வீடு இருக்கும் மேல் லயத்து வீட்டு வரிசைக்கு ஓடினாள்.

சுமன் வாசலில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குக் காலில் போடும் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான்.

"போட்ல ஃபேன் மாத்திப் பாக்கப் போறோம். வா."

"நான் வரல. நான் ஏறினா திரும்பவும் சிரிப்பாங்க."

"நீ இவ்வளவு நாளா ஏறல. போட் அப்பவும் நத்தை மாதிரிதான் போச்சு. அந்த ஃபேன்தான் நமக்குச் சரியில்ல."

சுமன் பிரஷ்ஷை நிறுத்தினான். "நெசமாவா?"

"நெசமாத்தான். ஒரு நீர்க்காகம்கூட எங்களை முந்திப் போச்சு."

சுமனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நான் இல்லாமலே மாத்திக்கலாமே?"

"முடியாது. எல்லாரும் ஏறினாத்தான் எது சரின்னு தெரியும். உன்னை விட்டுட்டுப் பாத்தா, உன்னை விட்டுட்டுப் போற போட்டுக்குத்தான் அது சரியா இருக்கும். அப்படி ஒரு போட் எங்களுக்கு வேணாம்."

சுமன் சப்பாத்தை வெயிலில் காய வைத்தான். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையோடு வந்தான்.

"பை எதுக்குடா?"

"பாரம் சரியா இருக்கணும்ல? நாளைக்குப் பையோடதானே போவோம்?"

அது யாருக்கும் தோன்றவில்லை. சுமன் கரைக்கு வந்து சொன்னதும் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு ஓடிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கணக்குப் புத்தகத்தைத் தூக்கியது அன்றுதான் முதல் தடவை என்று விஜிதரன் புலம்பினான்.

முதலில் எட்டு இஞ்சி. அம்மா மோட்டாரை முறுக்கியதும் படகு சட்டென்று கிளம்பியது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் வேகம் கூடக்கூட மோட்டார் 'கீஈஈ' என்று கத்தியது. சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கத்தியதே தவிர, அதற்கு மேல் வேகம் வரவில்லை.

"இது வெறுமனே சுத்துது. இப்படியே ஓட்டினா மோட்டார் போயிரும்" என்று அம்மா படகைக் கரைக்குத் திருப்பினாள்.

அடுத்தது பத்து இஞ்சி. அம்மா ஃபேன் கழலாமல் பிடிக்கும் பின்னைக் குத்தி மடக்கி, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினாள்.  சுமன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

படகு கிளம்பியது. முனகல் இல்லை. கத்தலும் இல்லை. மோட்டார் ஒரே சீராக ஓடியது. படகின் மூக்கு சற்றே உயர்ந்தது. பின்னால் தண்ணீர் வெள்ளையாக இரண்டாகப் பிரிந்து விரிந்தது. தேயிலை மலைகள் பின்னால் நகர்ந்தன.

"அம்மா, இது எப்படி?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் மோட்டாரின் சத்தத்தையே கேட்டாள். பிறகு சிரித்தாள். "இதுதான். நான் தனியா வரும்போது முன்ன மாதிரி பறக்காது. பறக்காட்டி என்ன? தனியா வர்றப்ப எனக்கென்ன அவசரம்?"

விஜிதரன் முன்வரிசையில் இருந்தான். அங்கே காற்று நன்றாக வரும். கரைக்குத் திரும்பியதும் அவன் எழுந்தான்.

"சுமன், இன்னொரு ரவுண்டு போனா நீ இங்க உக்காரு."

"ஏன்?"

"நான் அன்னைக்குச் சொன்னது பிழை."

"சரி, விடு" என்று சுமன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தான். பிறகு தள்ளி உட்கார்ந்து விஜிதரனுக்கும் இடம் விட்டான்.

அம்மா இன்னொரு ரவுண்டு ஓட்டினாள்.

திங்கட்கிழமை கல்லுமலைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அங்கே ஓர் ஆளைக்கூடக் காணோம். வாசல் கேட் அப்போதுதான் திறந்தது. பள்ளிக்கூட அதிபர் அவர்களை வியப்போடு பார்த்தார்.

"நல்ல பிள்ளைகள். இவ்வளவு வேளைக்கே வந்துட்டீங்களே" என்று சொல்லி, எல்லோருடைய கையிலும் ஆளுக்கொரு விளக்குமாற்றைக் கொடுத்தார்.

மைதானம் பெரியது. சுமன் ஒரு பக்கமும் ஜெயந்தினி மறுபக்கமும் சிரித்துக்கொண்டே கூட்டினார்கள்.