நிழல் நீக்கிய படங்கள்

மயிலிட்டியில் அந்த வீட்டு வாசலில் நாங்கள் போய் இறங்கியபோது பின்னேர வெயில் இன்னும் மஞ்சளாகவில்லை. வாசற்படலை இருந்த இடத்தில் இரண்டு கொங்கிறீற் தூண்கள் மட்டும் நின்றன. நடுவில் நாயுருவி முளைத்திருந்தது. உள்ளே கூரையில்லாத ஒரு கல்வீடு. இராணுவம் சுவரில் எழுதிவிட்டுப் போன இலக்கம் இன்னும் மங்கவில்லை. ஈரச் சுண்ணாம்பின் மணமும் வௌவால் எச்சத்தின் மணமும் அடித்தன. அவற்றுக்கு மேலால் துறைமுகத்துக் கருவாட்டு மணம்.

"மச்சாள், நான் உள்ளுக்கு வரேல்லை," என்றான் சுபாங்கன். என் கணவரின் தம்பி. ஹெல்மெற்றைக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளிலேயே இருந்தான். "குறை நினையாதேங்கோ. அண்ணையை இஞ்சையிருந்து தூக்கினது நான்தானே. துறைமுகத்தடியிலை நிக்கிறன். முடிய போனிலை ஒரு கோல் எடுங்கோ."

"ஓம் தம்பி, போட்டு வாரும்," என்றேன்.

என் கணவர் பிரகலாதன் போன மாசியில் இந்த வீட்டில்தான் இறந்தார். கமராவுக்குப் பின்னால் நின்றபடி, நெஞ்சு நின்றுபோய். அடுத்த கிழமை வீட்டை இடிக்க இருந்தார்கள். அதற்கு முன் இங்கே ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்று வந்திருந்தேன். அது என்ன படம் என்று விளங்க, நாங்கள் வேலை செய்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

அவர் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பார். நான் வட்டுக்கோட்டை வீட்டில் இருந்து அவற்றைக் கணினியில் திருத்துவேன். அப்படித்தான் எங்கள் இரண்டு புத்தகங்களும் வந்தன. முதலாவது, வல்வெட்டித்துறைக் கரையில் கவிழ்த்து வைத்த வள்ளங்கள். இரண்டாவது, தீவுகளின் கிணறுகள். பதிப்பாளர் என்று யாரும் இல்லை. பக்கங்களை நாங்களே அடுக்கி, நகரத்து அச்சகம் ஒன்றில் அடித்து, கட்டுக் கட்டாக மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவோம். மூன்றாவது புத்தகம், இராணுவம் விடுவித்த காணிகளில் சனம் இன்னும் திரும்பிக் குடியேறாத வீடுகள்.

மூன்றுக்கும் ஒரே சட்டம். படத்தில் ஆள் விழக்கூடாது.

"வள்ளத்தைப் பார்த்து ஆளை நினைக்கவேணும். ஆளே வந்து நிண்டால் பிறகு என்னத்தை நினைக்கிறது?" என்பார்.

ஆனால் அவருக்குச் சாய்ந்த வெயில் பிடிக்கும். வெயில் முதுகில் விழ நின்று எடுப்பார். அதனால் ஒரு ஆள் எப்போதும் படத்தில் விழுவார். அவரே. அவருடைய நிழல்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை இரண்டு இடத்தில் பிரதி பண்ணிவிட்டு, கார்டை மறக்காமல் கமராவுக்குள் திரும்பப் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார். நான் இருந்து நல்லவற்றைத் தெரிவு செய்வேன். சரிவை நிமிர்த்துவேன், இருண்ட மூலைகளுக்கு வெளிச்சம் கொடுப்பேன், தூசிப் புள்ளிகளைத் துடைப்பேன். கடைசியாக நிழல். வன்னிப் போரில் பட்ட செல் துண்டால் அவருடைய இடது தோள் எப்போதும் கீழிறங்கிப் பதிந்திருக்கும். நிழலிலும் அப்படித்தான். பக்கத்து மணலை எடுத்து அந்தத் தோளின் மேல் போடுவேன், புல்லை எடுத்துத் தலையின் மேல். அவர் தோள் நோவு எண்ணெய் மணக்க மணக்க வந்து நான் இருக்கும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிவார்.

"என்னை அழிச்சாச்சோ?"

"அழிச்சாச்சு. இனி ஆருக்கும் உங்களைத் தெரியாது."

"நல்லதாப் போச்சு. கடன்காரர் தேடமாட்டினம்."

எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அவரே அந்த வேலையைச் செய்தார். ஒரே கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தரம் ஒட்டிவிட்டார். அது அப்படியே அச்சாகியும் விட்டது. "உங்கடை கல்லு இரட்டைப்பிள்ளை பெத்திருக்கு," என்று வருசக் கணக்காகப் பகிடி பண்ணினேன்.

எங்கள் கல்யாணம் வன்னியில் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் நடந்தது. எடுத்த கொஞ்சப் படங்களும் போரின் கடைசி நாட்களில் விட்டுவிட்டு ஓடிய பையோடு போயின. அதன்பிறகு அவர் எந்தக் கமராவுக்கும் முன்னால் நிற்கவில்லை. முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு அச்சகத்தில் படம் கேட்டார்கள். நினைவு மலரின் முதல் பக்கத்தில் இறந்தவரின் முகம் இருக்கத்தானே வேண்டும். என்னிடம் இருந்தது அடையாள அட்டைப் படம். அதைப் பெருப்பித்தபோது, விசாரணைக்குப் பிடித்து இருத்திய யாரோ ஒருவர் போல இருந்தார். வந்தவர்கள் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைப் பார்த்து, பக்கத்தைத் திருப்பினார்கள்.

நானும் அவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இந்த உலகத்தில் இல்லை.

மாதங்கள் போன பிறகுதான் அவருடைய கமராவைத் திறந்தேன். கடைசி நாளில், வெயில் நகர்வதைப் பிடிப்பதற்காக, கமராவைத் தானாகவே விட்டு விட்டுப் படம் அடிக்கும்படி வைத்திருந்தார். படங்களில் வீட்டின் பெரிய அறை. தூரத்தில் பின்கதவு. நிலத்தில் கமரா நிற்கும் முக்காலியின் நிழல். அருகில் பதிந்த இடது தோளோடு அவருடைய நிழல்.

ஒரு படத்தில் எல்லாம் சற்றுச் சரிந்திருந்தது. முக்காலியில் ஏதோ இடித்திருக்கிறது. அந்தப் படத்தில் அவர் நிழல் இல்லை. அதற்கடுத்த படத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. முக்காலியின் மெலிந்த கால்கள் மட்டும்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் விழுந்தது அப்போதுதான் என்று விளங்கிற்று. அப்படியே மூடி வைத்திருக்கலாம். ஆனால் கை தானாக அடுத்த படத்துக்குப் போயிற்று.

நிழல் நின்றது.

அதே இடம். அதே தோள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் நின்றது. வெயில் சாயச் சாய நீண்டு, அறையைக் கடந்து, தலை பின்கதவின் நிலைப்படியைத் தொட்டது. வெளிச்சம் செத்துப்போகும் வரை அது அசையவில்லை.

யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரைக் கண்டெடுத்தவர் வந்து நின்றிருப்பார். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மயிலிட்டிக்குப் போனேன்.

அவரைக் கண்டெடுத்தவர் வீட்டுக்காரி மீனாம்பிகை. அகதி முகாமில் அரைவாசி வாழ்க்கையைக் கழித்துவிட்டுக் காணிக்குத் திரும்பியவர். கிணற்றடியில் கத்தியோடு நின்றார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் வந்து அவருக்குப் பக்கத்திலை கனநேரம் நிண்டனீங்களோ?"

"நான் உள்ளுக்கு வரேல்லைப் பிள்ளை. இதிலை பத்தை செடியளை வெட்டிக்கொண்டு நிண்டனான். வரேக்கையே சொன்னவர், அக்கா படத்திலை விழுந்திடாதேங்கோ எண்டு. ஏன் நான் வடிவில்லையோ எண்டு கேட்டனான். சிரிச்சவர்." மீனாம்பிகை பின்கதவைக் காட்டினார். "இதிலை நிண்டு பார்த்தால் ஆளைத் தெரியாது. நிலம் தெரியும். கமரா அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிழலும் நிண்டது. வேலை முடியேல்லையாக்கும், நான் போய்ப் பழுதாக்கக்கூடாது எண்டு வெளியிலேயே இருந்திட்டன்."

"பிறகு?"

"இருண்ட பிறகு தேத்தண்ணி குடிக்கிறீரோ எண்டு கேட்டுக்கொண்டு போனன்." குரல் இறங்கிற்று. "தொட்டுப் பார்த்தன் பிள்ளை. விறைச்சுப்போய்க் கிடந்தார். எப்பவோ விழுந்திட்டார்."

கிணற்றுக் கப்பி காற்றில் ஒருமுறை கிறீச்சிட்டது.

"அப்ப, நிண்டது ஆர்?" என்று கேட்டார் மீனாம்பிகை.

அவருடைய கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நிலத்துப் பாசியில் அதன் கால்கள் பதிந்த அடையாளம் இன்னும் இருந்தது. அதிலேயே நிறுத்தினேன். வெயில் இப்போது மஞ்சளாகி முதுகில் சுட்டது. என் நிழல் அறைக்குள் நீண்டு விழுந்தது. முக்காலிக்கு வலப்பக்கமாக விலகி நின்றேன். அவருடைய இடம் இடப்பக்கம். அதை வெறுமையாக விட்டேன்.

இரண்டு நிழலும் ஒரு படத்தில். அவ்வளவுதான் நான் கேட்டது.

கண்ணுக்குத் தெரிந்தது என் நிழல் மட்டும்தான். அழுத்தினேன்.

கமரா அடித்தது. பிறகு இன்னொருமுறை அடித்தது.

சுவரின் எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்ப அழுத்தினேன்.

இரண்டு சத்தம். இரண்டாவது, கமராவைவிடக் கிட்ட இருந்து வந்தது. என் காதுக்குப் பின்னாலிருந்து.

கருவாட்டு மணம் நின்றுபோயிருந்தது. தோள் நோவு எண்ணெய் மணந்தது.

"நிக்கிறீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

நிலத்தில் என் நிழல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போய்விடுவார் என்று பயந்தேன். போகாமல் அங்கேயே நிற்பார் என்றும் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து, விளக்கு வைத்து, படங்களைக் கணினியில் போட்டேன். அவர் செய்வது போலவே கார்டைக் கமராவுக்குள் திரும்பப் போட்டு, பற்றரியைக் கழற்றிச் சார்ஜில் வைத்தேன். கமராவைத் திரைக்குப் பக்கத்தில், என்னைப் பார்க்க வைத்தேன். பிறகு முதலாவது படத்தைத் திறந்தேன்.

அவர் நின்றார். முக்காலியின் நிழலுக்கு இடப்பக்கம், தோளைப் பதித்தபடி.

நான் இல்லை.

என் கண்ணால் பார்த்த என் நிழல் அந்தப் படத்தில் இல்லை. அது விழுந்த இடத்தில் வெறும் நிலம், பாசி, வெயில். பெருப்பித்துப் பார்த்தேன். நிலத்தில் ஒரு வெடிப்பு. அதற்குப் பக்கத்தில் அச்சு அசலாக அதே வெடிப்பு இன்னொன்று. இரட்டைப்பிள்ளை.

கமராவிலிருந்து அப்போதுதான் இறங்கிய படம் அது. யாருடைய கையும் அதில் பட்டிருக்க முடியாது.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அந்த வீட்டில் அவருக்குப் பக்கத்தில் என்னை நிற்க விடவில்லை. அவ்வளவு தூரம் போயும், அவ்வளவு கேட்டும், மணலைப் போட்டு மூடுவது போல என்னை மூடிவிட்டார்.

"என்னை அழிச்சாச்சோ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

சார்ஜரில் பற்றரியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேசையில் இருந்த கமரா ஒருமுறை அடித்தது.

மூன்றாவது புத்தகத்தை அவருடைய முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு முன் அச்சாக்கினேன். அதில் நான் எதையும் நீக்கவில்லை. முன்னர் நீக்கியவையும் உண்மையில் அழிந்திருக்கவில்லை. திருத்தங்களை விலக்கியதும், வீட்டுக்கு வீடு, வாசலுக்கு வாசல், அவர் எழுந்து நின்றார். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஆள் விழுந்த படம் ஒன்று இருக்கிறது. திரை வெளிச்சத்தில், வீங்கிய கண்ணோடு, தலை கலைந்தபடி நான் இருக்கிறேன். அவர் என்னை எடுத்த ஒரே படம்.

சுபாங்கன் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான்.

"மச்சாள், இதை எடுத்தது ஆர்?"

"சுவரைப் பாரும்," என்றேன்.

படத்தில் எனக்குப் பின்னால் சுவரில் இரண்டு நிழல்கள். ஒன்று கதிரையில் இருக்கிறது. மற்றது கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறது, இடது தோள் பதிந்து. அவன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

இதையும் அதே கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். கதிரை முதுகு சற்றுமுன் பின்னால் இழுபட்டது, யாரோ கையை ஊன்றியது போல. எண்ணெய் மணக்கிறது.