பதினேழாவது ஆள்

பதினாறு பேரை அனுப்பினாள். பதினேழு பேர் வந்து நின்றார்கள்.

அவள் திரையில் விரலை வைத்து, மகனுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்த அதே விதத்தில், ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தாள். பதினேழுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணினாள். அப்போதும் பதினேழுதான்.

ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எல்லாத் துண்டையும் ஒரே நேரத்தில் மெஷினைச் செய்யவைக்கும் மொழி ஒன்று இருக்கிறது. அந்த மொழியில் எழுதுவதை எந்த வகை மெஷினிலும் ஓடும்படி மாற்றிக்கொடுக்கும் கம்பைலரைப் பதினோரு வருடமாக அவள் கட்டிக்காத்து வருகிறாள். ஆரம்பத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத இந்த மெஷின் அறையில், அவள் மட்டும்தான் குப்பை கொட்டுகிறாள்.

பிரித்துவிடப்படும் ஒவ்வொரு துண்டையும் அந்த ஆறு பேரும் ‘ஆள்’ என்றுதான் சொல்வார்கள். வேலையை முடித்த ஆட்கள் ஓரிடத்தில் வந்து காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் வரும்வரை ஒருவரும் அங்கிருந்து நகரக் கூடாது. அந்த இடத்துக்குக் ‘கதவு’ என்று பெயர். புது வகை மெஷின் வந்தால் முதல் சோதனையே இந்தக் கதவுதான். பதினாறு ஆட்களை அனுப்ப வேண்டும். கதவுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தன் எண்ணைப் போட்டு ‘வந்துட்டேன்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். இன்று வந்த மெஷினில் பதினாறு வரிக்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. அதில் எண் இல்லை. ‘வந்துட்டேன்’ மட்டும் இருந்தது.

போன் அடித்தது. வீட்டிலிருந்து மகன்.

“அம்மா, எப்ப வருவ?”

“ஆறரைக்கெல்லாம் வந்துடுவேன்டா கண்ணா.”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்ன. நான் தூங்கியே போயிட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய வருடமும் அப்படித்தான் என்பது அவனுக்கு ஞாபகமில்லை, அவளுக்கு இருந்தது.

“இந்தத் தடவை சத்தியமா வந்துடுவேன்.”

“மூணு பேரும் இருந்தாத்தான் கேக் வெட்டணும்னு அப்பா சொல்லிட்டாரு. அது நீ போட்ட சட்டமாம்.”

அவள் போட்ட சட்டம்தான். மூன்று பேரும் மேஜைக்கு வரும்வரை அந்த வீட்டில் யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. உன் ஆபீஸ் கதவை வீட்டுக்கும் தூக்கிட்டு வந்துட்டே என்று கணவர் கிண்டலடிப்பார். போனை வைத்துவிட்டு மணி பார்த்தாள். நாலரை. புதுப் பதிப்பு ஆறு மணிக்குள் எல்லா ஊர் மெஷின் அறைகளுக்கும் போயாக வேண்டும். கதவுச் சோதனை பச்சை காட்டாமல் அது போகாது. அது போகாமல் அவள் வீட்டுக்குப் போக முடியாது.

மறுபடி ஓட்டினாள். பதினேழு.

புது மெஷினின் கோளாறாக இருக்கும் என்று, மூலையில் கிடந்த மிகப் பழைய மெஷினிடம் போனாள். ‘தாத்தா’ என்று பெயர் அதற்கு. முனகும், சூடாகும், ஆனால் பொய் சொல்லாது. தாத்தாவின் விசிறிகள் இருமிக்கொண்டே வேகமெடுத்து, அறை முழுக்கச் சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடையைப் பரப்பின. அந்த இரைச்சலின் நடுவே ஒரே ஒரு நொடி, கூட்டத்தில் யாரோ வழிவிடச் சொன்னதுபோல, எல்லா விசிறிகளும் சேர்ந்து தணிந்து பிறகு மேலேறின. திரையில் பதினேழு.

இந்தக் கம்பைலரோடு நேற்றுவரை ஒழுங்காக இருந்த மெஷின் தாத்தா. அப்படியென்றால் கோளாறு புது மெஷினில் இல்லை.

தன் இடத்துக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அந்த மணம் வந்தது. ஆரஞ்சு மணம். அவள் காலையில் கையில் தடவிக்கொள்ளும் க்ரீமின் மணம். கையை முகர்ந்து பார்த்தாள். மதியமே கழுவிய கையில் சோப்பு வாடைதான் இருந்தது. மணம் அவள் நாற்காலிப் பக்கமிருந்து வந்தது. உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. அவள் எழுந்து போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

“மெஷின் சூடு,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். தன் குரலைக் கேட்டால் தைரியம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

ஐந்தரை. ஒழுங்காகத் தேடுவதென்றால் இரண்டு நாள் பிடிக்கும். அந்த எண்ணில்லாத ஆள் யார், எங்கே பிறக்கிறான், யார் அவனை அனுப்பியது என்று ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் செய்திருப்பாள். இன்று மகன் சட்டை மாற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ‘அந்தத் தறுதலை வால்லதானே ஒட்டிக்கிட்டு வருது, வாலை நறுக்கிட்டாப் போச்சு’ என்று முடிவுகட்டினாள். நாலே வரி. கதவுக்கு முதலில் வரும் பதினாறு பேரைச் சேர்த்துக்கொள், கதவைச் சாத்து, அதற்குப் பிறகு வருகிறவர் யாராக இருந்தாலும் கணக்கில் எடுக்காதே. பக்கத்தில் ‘பிறகு சரிசெய்ய வேண்டும்’ என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தாள். அந்தக் கம்பைலருக்குள் அப்படி நானூறு குறிப்புகள் இருக்கின்றன. அந்தப் ‘பிறகு’ வந்ததை யாரும் பார்த்ததில்லை.

கம்பைலரும் அந்த மொழியிலேயே எழுதப்பட்டதுதான். பழைய கம்பைலர் புதியதைக் கட்டும்; புதியது தன்னைத் தானே இன்னொரு முறை கட்டிக்கொள்ளும். அதன்பின் உள்ளே ஊறிய குணம் லேசில் போகாது. அவள் கட்டவைத்தாள். இரண்டாம் முறையும் கட்டவைத்தாள். சோதனையை ஓட்டினாள்.

பதினாறு. பச்சை.

அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது மணி ஐந்து ஐம்பத்திரண்டு. உலகத்தையே ஜெயித்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. பையை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் சோதனை வரிகளை ஒரு பார்வை பார்த்தாள்.

முதல் வரியில் எண் இல்லை.

‘வந்துட்டேன்.’

கீழே மற்றவர்கள். ஒன்று முதல் பதினாறு வரை தேடினாள். பதினொன்றைக் காணோம். வேலையை முழுசாகச் செய்துவிட்டு, கதவுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்த பதினொன்று.

முந்தைய மூன்று சோதனைகளையும் திறந்தாள். அவள் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருந்தாள், வரிசையைப் பார்க்கவில்லை. முதல் தடவை அது பதினேழாவது. இரண்டாம் தடவை பன்னிரண்டாவது. தாத்தாவிடம் ஐந்தாவது. ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டது. வெளியே நிறுத்தப்படுவது யார் என்று அவள் எழுதியிருந்த நாலு வரிகளையும் மறுபடி படித்தாள். கடைசியில் வருகிறவர். யாராக இருந்தாலும்.

அனுப்பிய பதிப்பைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று உட்காரப் போனாள். நாற்காலி இப்போது சில்லென்று இருந்தது. ஆரஞ்சு மணமும் இல்லை. அதுவரை அங்கிருந்த யாரோ இப்போது அறையில் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம்தான் அவளைப் படியேறி ஓடவைத்தது.

வாயிலில் அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு. மறுபடி தேய்த்தாள். சிவப்பு. எழுந்து வந்த காவலாளி அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“மேடம்... நீங்க எப்ப திரும்பி வந்தீங்க?”

“நான் எங்க போனேன்?”

“இப்பத்தானே போனீங்க? ஆறு அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும். பையனுக்குப் பிறந்தநாள், இந்தத் தடவை முதல் ஆளா போய் நிக்கணும்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே.” அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். “பாருங்க, உள்ளே யாருமே இல்லைன்னுதான் காட்டுது.”

“கதவைத் திறங்க.”

அவர் சாவி போட்டுத் திறந்தார். அவள் கடந்து போகையில் ஓரடி பின்வாங்கிக்கொண்டார்.

வீடு பத்து நிமிட நடை. அவள் ஓடினாள். கடைகளில் விளக்கு ஏற்றும் நேரம். கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கவில்லை, அவள்தான் ஒதுங்கினாள். செருப்பு அறுந்தது. விட்டுவிட்டாள். திருப்பத்தில் மூச்சிரைத்தது. ஒரு நொடிகூட நிற்கவில்லை.

வீட்டு விளக்கு எரிந்தது.

சாவி நுழைந்தது. திரும்பவில்லை. தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

“யாரோ தட்டுறாங்க,” கணவரின் குரல்.

“யாரும் இல்லீங்க,” உள்ளேயிருந்து பதில் வந்தது. “எல்லாரும்தான் வந்தாச்சே.”

அவளுடைய குரல்.

கூடத்து ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜை. கேக். ஏழு மெழுகுவர்த்தி. புதுச் சட்டையில் மகன். அவனுக்கு வலப்பக்கம் கணவர், பல வருடமாக அவள் பார்த்திராத ஒரு நிம்மதியோடு. இடப்பக்கம் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. அவள் காலையில் உடுத்திய அதே பச்சைப் புடவை.

“கண்ணா!” கண்ணாடியை அறைந்தாள். “அம்மாடா! அம்மா இங்க இருக்கேன்!”

மகன் நிமிர்ந்தான். அவளை நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். அப்பாவின் தோள். ஒண்ணு. தன் நெஞ்சு. ரெண்டு. பக்கத்தில் இருந்தவளின் கை. மூணு.

விரல் மேலே எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பியது. அரை நொடி தயங்கியது.

மடங்கிக்கொண்டது.

அவன் கேக்கைப் பார்த்துத் திரும்பினான். பச்சை உடுத்தியவள் எழுந்து, மெல்ல, திரும்பாமலேயே பின்னால் நடந்து ஜன்னலுக்கு வந்தாள். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டித் திரைச்சீலையை இழுத்து மூடினாள். மூடிய கண்ணாடியையும் தாண்டி இந்தப் பக்கம் ஆரஞ்சு மணந்தது.