நாற்பத்தொன்றாம் குப்பி

குப்பிக்குள் கிடக்கும் லென்ஸ் தேயாது. யாரும் போட்டுக்கொள்ளாத லென்ஸுக்கு வயது ஏறாது. ஆனால் நாற்பத்தொன்றாம் குப்பியில் இருந்த லென்ஸின் உராய்வு, நேற்றைவிட இன்று கூடியிருந்தது.

அவன் எந்திரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். ஜன்னலில்லாத அறையில் உப்புநீர் வாடையும் குளிர்பெட்டியின் முனகலும். அவற்றுக்கு நடுவே, மிளகளவுக் கண்ணாடிக் குமிழ் ஒன்று ஈரமான லென்ஸின் மேல் முன்னும் பின்னும், முன்னும் பின்னும், இமையைப் போலவே தேய்க்கும் சின்னச் சத்தம். ஒரு நாள் போட்டுவிட்டுத் தூக்கியெறியும் ரகம். புதிதில் வழுக்கும். கண்ணில் இருக்க இருக்கக் கண்ணீரின் பிசுக்கு படிந்து சொரசொரத்துப் போகும். திரையில் வரும் எண்ணைப் பார்த்தே, எத்தனை மணிநேரம் போட்டிருந்தார்கள் என்று அவன் சொல்லிவிடுவான்.

அதே எண்தான் வந்தது.

இடது கண் உறுத்தியது. ஒரு வாரமாகவே உறுத்தல். தூங்காத கண் உறுத்தாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டான்.

பதிவேடு எழுதும் அக்கா பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணா? சோதனைக்கு லென்ஸ் போட்டுப் பார்க்க வந்த அந்தப் பொண்ணுதான் ரெண்டாம் நாளே, 'கண்ணு எரியுது, ஆளை விடுங்க'ன்னு ஓடிட்டாளே. யாரோடது இது?"

"பழசு ஏதாவது கலந்திருக்கும்க்கா."

"பழசா இது? தினம் ஏறுது பாரு. எவளோ கழட்டாமலே போட்டுக்கிட்டுத் திரியற மாதிரி." சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "தம்பி, உன் மூஞ்சிய நீயே பார்த்து எத்தனை நாளாச்சு? இடது கண்ணு ரத்தமா இருக்கு. போய்க் கழுவு. நான் சாப்பிட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

குப்பியில் இருந்தது அவன் மனைவியின் வலது கண் லென்ஸ். அவள் தினமும் லென்ஸோடு தூங்கிப்போவாள். திட்டினால், "போடா லேப் எலி, அவ்வளவு அக்கறை இருந்தா நீயே கழட்டி விடு" என்று கண்ணைத் திறக்காமலே முகத்தை நீட்டுவாள். அவனும் ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் கிள்ளி எடுத்துவிடுவான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் கேட்டாள்: "லென்ஸ் போட்டிருக்காங்களா சார்? எடுத்துடுங்க." வலதை எடுத்தான். இடது இமையைத் தூக்கியபோது கண் அவனையே பார்ப்பது போலிருந்தது. இமையை மூடிவிட்டான்.

"ரெண்டும் எடுத்தாச்சு" என்றான்.

மறுநாள் சவப்பெட்டியும் மூடியது. கையில் மிஞ்சியதை எறிய மனம் வரவில்லை. லென்ஸை வைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் இந்தக் குளிர்பெட்டிதான். ஓடிப்போனவளின் குப்பி காலியாக இருந்தது. போட்டு வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். போன வாரம் அளந்து பார்த்தான்.

இப்போது வரைபடத்தின் கோட்டை நீட்டி, இன்றைய எண்ணுக்கு நேரே மணிக்கணக்கைப் பார்த்தான். நாளாக மாற்றினான். ஐந்து மாதம் பதினோரு நாள். அவள் இறந்து இன்றோடு அத்தனை நாள்.

ஒரு மணிநேரம்கூடக் கழற்றாமல்.

எந்திரத்தை நிறுத்தினான். தொட்டியருகே போய்க் கண்ணில் தண்ணீர் அடித்தான். உறுத்தல் போகவில்லை. இன்னும் அடித்தான். விரல் பட்டபோது கருவிழியின் மேல் ஏதோ மெல்லியதாக நகர்ந்தது.

கண்ணாடியில் பார்த்தான். கருவிழியைச் சுற்றி வெளிர்நீல விளிம்பு.

அவன் பிறந்ததிலிருந்து லென்ஸ் போட்டதில்லை.

கிள்ளினான். வழுக்கவில்லை. சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அந்தச் சத்தம். முன்னும் பின்னும். எந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தான். முன்னும் பின்னும். அது எந்திரத்திலிருந்து வரவில்லை. அவன் இடது இமைக்கு அடியிலிருந்து வந்தது.

வலது கண்ணை மூடிப் பார்த்தான்.

அறை இல்லை. தொட்டி இல்லை. இருட்டு.

பிறகு பலகை. முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். வெளிச்சமே இல்லாமல், மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றும் துல்லியமாக. ஈர மண்ணின் வாடை.

இமை கொட்டியது. அவன் கொட்டவில்லை.

வலது கண்ணைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

கீழேயிருந்து ஒரு கை எழுந்தது. அதில் அவன் அவளுக்குப் போட்ட மோதிரம். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும், அவன் கிள்ளுவது போலவே ஒன்றையொன்று நெருங்கி, காத்துக் காத்து அலுத்துப்போன நிதானத்தோடு, கண்ணை நோக்கி வந்துகொண்டிருந்தன.