நிமிர்ந்து நின்ற அட்டை

சனிக்கிழமை, காலை 7.50.

அப்புத்தளை புகையிரத நிலையத்துக்கு மேலேயுள்ள வாசிகசாலை மண்டபத்தில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொம்மை காணாமற் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. கண்ணாடியில் கீறலில்லை.

பெருவிரல் உயரமே உள்ள பொம்மை அது. இளமையில் சிற்றுருவங்களுக்கு வர்ணந் தீட்டி, பின்னர் தொழிலாலும் குடும்பத்தாலும் தூரிகையைக் கைவிட்டு, நடுவயதில் அதை மீண்டும் எடுத்த ஆறு பேரின் வட்டம் நடத்திய கண்காட்சி. ஒவ்வொருவரும் இரண்டு பொம்மைகளை வைத்திருந்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் செய்தது ஒன்று. இவ்வாண்டு செய்தது ஒன்று. யாருடைய கை அதிகம் முன்னேறியிருக்கிறதோ அவருக்கே பரிசு. பரிசைத் தீர்மானிக்கும் நடுவர் பத்து மணிக்குப் பதுளையிலிருந்து வரவிருந்தார்.

காணாமற் போனது தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் றிச்சர்ட் அவர்களின் பழைய பொம்மை: கொழுந்து பறிக்கும் பெண். அருகில் அவருடைய புதிய பொம்மை, அதே பெண், இமை மயிர்கூடத் தெரியும்படி அழகாக நின்றது. அதைத் தொட்டவரில்லை. பெட்டிக்குள் பெயரட்டைகளெல்லாம் படுத்திருந்தன. வெற்றிடத்துக்கு முன்னால் மட்டும் ஓர் அட்டை நிமிர்ந்து நின்றது.

பெட்டிப் பூட்டின் ஒரே திறப்பு முழு இரவும் மண்டபத்தைக் கூட்டும் பெரியாயியிடமே இருந்தது. முப்பது ஆண்டுகள் றிச்சர்டின் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள் அவள். அடுத்து நடந்ததைச் சொல்லவே கூச்சமாயிருக்கிறது. வட்டத்தின் செயலாளர் கலாராணி டீச்சர், பெரியாயியின் பையை வாங்கி மேசைமேல் கொட்டினார். வெற்றிலைச் சுருள், பாதி ரொட்டி, கிளினிக் அட்டை, கந்தையான ஓர் உள்பாவாடை. பத்திரிகை வாசிக்க வந்திருந்த இருவர் எட்டிப் பார்த்தனர். றிச்சர்ட் தமது வர்ணப்பெட்டியோடு நின்று யன்னல் வழியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

8.20.

மர்ஸூக் வந்தார். கடைவீதியில் மணிக்கூடு திருத்துபவர். வட்டத்தின் ஆறாவது உறுப்பினர். கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அவர் முதலில் பார்த்தது கண்ணாடிப் பெட்டியை அல்ல, மேசையை.

"இது யாருட சாமான்?"

"என்னோடது, மர்ஸூக் நானா," என்றாள் பெரியாயி. "கடையெல்லாம் விரிச்சாச்சு. வாங்குறதுக்குத்தான் ஆளில்ல."

"டீச்சர், முதல்ல இதயெல்லாம் பையில போட்டுக் குடுங்க."

"நடுவர் வாறதுக்குள்ள பொம்மை கிடைக்காட்டி நான் பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்," என்றார் கலாராணி. ஆனாலும் பொருட்களை எடுத்து வைத்தார். உள்பாவாடையை மடித்து, வெளியே தெரியாதபடி அடியில் வைத்தார்.

மர்ஸூக் கண்ணாடிப் பெட்டியருகே குனிந்தார். எதையும் தொடவில்லை.

"ரெண்டு பொம்மையில எது வடிவு?"

"புதுசுதான். பழசுக்குக் கண்ணே கோணல்," என்றார் கலாராணி.

"அப்ப களவெடுத்தவனுக்கும் கண் கோணலா? நல்லத விட்டுட்டு அசிங்கத்தக் கொண்டு போயிருக்கான். நேத்து எடுத்த படம் இருக்கா டீச்சர்?"

கலாராணி கைபேசியை நீட்டினார். வெள்ளிக்கிழமை, மாலை 5.40. படத்தில் இரண்டு பொம்மைகளும் இருந்தன. எல்லா அட்டைகளும் படுத்திருந்தன. மர்ஸூக் படத்தைப் பெரிதாக்கிப் பழைய பொம்மையின் தோளை வெகுநேரம் பார்த்தார்.

"பெட்டியப் பூட்டினது எத்தனை மணிக்கு?"

"ஆறு. நான்தான் பூட்டித் திறப்பைப் பெரியாயிகிட்டக் குடுத்தேன்."

"நடுவுல யாராவது பெட்டிக்குள்ள கை வெச்சாங்களா?"

"றிச்சர்ட் சேர் மட்டும். தூசி இருக்குன்னு கடைசியாத் துடைச்சார். அவருட பொம்மைதானே."

மர்ஸூக் பெரியாயியின் பக்கம் திரும்பினார். "அக்கா, நேத்து அந்தப் பழைய பொம்மையப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. கண்ணாடி தொடச்சப்ப சிரிப்பா வந்துச்சு. கிளாக்கரய்யாகிட்டகூடச் சொன்னேன், நம்ம கொழுந்துப் பையி மாதிரியே இருக்குங்கன்னு."

"ஐயா என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. மூஞ்சிதான் ஒரு மாதிரியாப் போயிருச்சு. நான் ஏதும் தப்பாப் பேசிட்டனோன்னு பயந்துட்டேன்."

"உங்க தோட்டத்துல பை குடுத்து எத்தன வருஷம்?"

"நைலோன் பையா? ஆறு வருஷமிருக்கும். அதுக்கு முந்தி மூங்கிக் கூடதானே. கயித்த நெத்தியில மாட்டிக்கிட்டுப் போவோம். தழும்பு இன்னும் கெடக்கு, பாருங்க." முந்தானையை விலக்கி நெற்றியைக் காட்டினாள்.

9.15.

மர்ஸூக் உருப்பெருக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு இனித் தேவையிருக்கவில்லை.

"டீச்சர், ராவுல ஆளில்லாத மண்டபத்துல களவெடுக்கிறவன் அட்டைய நிமித்தி வெச்சு மினக்கெட மாட்டான். வெறும் இடத்த மறைக்கிறதுன்னா, பாக்கிறதுக்கு ஆக்கள் இருந்திருக்கணும். அதாவது, பூட்டுறதுக்கு முந்தியே பொம்மை போயிட்டுது. நீங்க பூட்டினது வெறும் அட்டையத்தான்."

கலாராணி மெல்ல றிச்சர்டின் பக்கம் திரும்பினார்.

"நாங்க எல்லாரும் வர்ணத்தப் பாத்தோம்," என்று தொடர்ந்தார் மர்ஸூக். "முதுகுல என்ன தொங்குதுன்னு பாக்கல்ல. இருபது வருஷத்துக்கு முந்திச் செஞ்ச பொம்மைக்கு ஆறு வருஷத்துப் பை எப்படி வந்தது? சேர் ஒவ்வொரு நாளும் கந்தோர் யன்னலால பைகளத்தான் பாக்கிறார். கை அதையே செஞ்சிட்டுது. அந்தப் பொம்மை பழசில்ல. பழசு மாதிரி அசிங்கமாத் தீட்டின புதுசு. பெரியாயக்கா சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியிருக்கு. நடுவரும் கண்டுபிடிச்சிடுவார்னு பயந்து எடுத்தது நீங்கதானே, றிச்சர்ட் சேர்?"

றிச்சர்டின் காதுகள் சிவந்தன. தமது வர்ணப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எம் பையக் கொட்டுனப்ப நீங்களும் இங்கதான நின்னீங்க," என்றாள் பெரியாயி. குரல் உயரவில்லை. "ஒரு வார்த்த சொல்லலியே ஐயா. இப்ப உங்க பொட்டியக் கொட்டுங்க."

அவர் கொட்டினார். தூரிகைகளும் வர்ணக் குப்பிகளும் உருண்டன. துணிச்சுருளிலிருந்து கோணற்கண் பொம்மை விழுந்தது. பஞ்சுப் பொதியிலிருந்து இன்னொன்றும் விழுந்தது. மர்ஸூக் அதை விரல் நுனியில் ஏந்தினார். மூங்கில் கூடை, அதன் ஒவ்வொரு பின்னலும் தனித்தனியாக. நெற்றியில் கயிறு. கயிற்றின் கீழே அழுந்திய தோலின் சிவப்புங்கூட. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற புதிய பொம்மை இதன் அருகே வெறும் பிரதியாகத் தோன்றியது.

"இது?"

"இதுதான் உண்மையான பழசு," என்றார் றிச்சர்ட். "இருபது வருஷத்துக்கு அப்புறம் போன வருஷந்தான் மறுபடி தூரிகை எடுத்தேன். இதைப் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்துத்தான் பழகினேன். கண் மங்கிட்டுது. கை அந்த இடத்துக்கு வரவே இல்ல. முன்னேற்றம்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமில்ல. அதனாலதான் எனக்குக் கீழே ஒரு படி கட்டிக்கிட்டேன்."

றிச்சர்ட் பெரியாயியின் பக்கம் திரும்பினார்.

"பெரியாயி, என்னை மன்னிச்சிடுங்க," என்றார். அவளை அவர் பன்மையில் அழைத்தது அதுவே முதல் முறை.

"எனக்கும் வெக்கமா இருக்கு," என்றார் கலாராணி, தலை நிமிராமல்.

பெரியாயி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இந்நேரம் லயத்து வீடுகளுக்கெல்லாம் செய்தி போயிருக்கும், பெரியாயி களவெடுத்துட்டான்னு. எம் மருமக அந்தப் பேச்சோடதான் மலையில கொழுந்து பறிக்கணும். எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க ஐயா. திங்கக்கெழம பெரட்டுல சொல்லுங்க."

பெரட்டு என்பது, வேலைக்குப் போகுமுன் தோட்டம் முழுவதும் கூடிப் பெயர் கொடுக்கும் காலை வேளை. ஒவ்வொரு நாளும் அங்கே பெயர்களை வாசிப்பவர் றிச்சர்ட்.

பத்து மணிக்கு நடுவர் வந்தார். றிச்சர்ட் மூன்று பொம்மைகளையும் வரிசையாக வைத்து, உண்மையான திகதிகளை எழுதி, அட்டைகளைப் படுக்க வைத்தார். பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

திங்கட்கிழமை, காலை 6.25.

பெரட்டுக் களத்தில் மூடுபனி விலகவில்லை. பெண்கள் நைலோன் பைகளோடு வரிசையில் நின்றனர். வேலைக்கு வரத் தேவையில்லாத பெரியாயி முதல் வரிசையில், மருமகளின் பக்கத்தில் நின்றாள்.

"என்னாங்க கிளாக்கரய்யா, பேர் வாசிக்கலியா? மழ வரப்போகுது," என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். சிலர் சிரித்தனர்.

றிச்சர்ட் பெயர்ப் புத்தகத்தை மூடினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்றுத் தடுமாறினார். பிறகு கங்காணியிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு முன்னே வந்து நின்றார்.

"இன்னைக்கு முதல்ல என் பேர்," என்றார். "பொம்மைய எடுத்தது நான்தான்."

சிரிப்பு நின்றது. பெரியாயி கண் எடுக்காமல் அவரையே பார்த்தாள், முழுவதையும் அவர் சொல்லி முடிக்கும் வரை.