சடை பின்னாத கை

அழகுமீனாவுக்கு அப்பா சடை பின்ன ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பின்னுகிறார் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். பட்டாசுப் பார்சலுக்குக் கயிறு கட்டிப் பழகிய கை, மகளின் தலையையும் அப்படியே இறுக்கிக் கட்டிவிடும். புருவம் இரண்டும் மேலே ஏறி நிற்கும். நான்காம் வகுப்பு டீச்சர்கூட ஒருநாள், எதைப் பார்த்து இப்படி ஆச்சரியப்படுகிறாய் என்று கேட்டுவிட்டார்.

அம்மா மாரிச்செல்வி பின்னினால் ரெட்டைச் சடை. பின்னும்போதே ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். அவள் மூச்சு பிடரியில் படும். தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனிப் படியில் அம்மா வழுக்கி விழுந்து கை வலி வந்ததிலிருந்து அது இல்லை. அம்மாவுக்கு எட்ட வசதியாக அழகுமீனா தரையில் உட்கார்ந்தும் பார்த்தாள். முடியை இழுக்கும்போது அம்மா பல்லைக் கடிப்பது தெரிந்ததும், வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

அம்மா அதே வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் அழகுமீனாவுக்கு அம்மாவைத் தேடியது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போயும் தைலம்தான் கிடைத்தது. மூன்றாம் முறை அழகுமீனாவும் கூடப் போனாள்.

"கை வலிக்கு டாக்டர்," என்றாள் அம்மா.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"விஸ்வநத்தம் கம்பெனில பட்டாசுப் பெட்டி ஒட்டுற வேலை."

டாக்டரம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. பெட்டி ஒட்டுகிறவர்கள் தினமும் கை வலி என்று வருவார்கள். அவர்களுக்கெல்லாம் விரலும் மணிக்கட்டும்தான் வலிக்கும். விரலை மடக்கச் சொன்னார். அம்மா மடக்கினாள். பேனாவை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். வேலை பார்க்க முடிகிறதா என்று கேட்டதற்கு முடிகிறது என்றாள். மேசையில் வைத்து ஒட்டுவதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லையே.

பயப்பட ஒன்றுமில்லை, அதே தைலத்தைத் தேயுங்கள் என்றார் டாக்டரம்மா.

அழகுமீனாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அம்மாவுக்குத் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கை. டாக்டரம்மா மணிக்கட்டோடு நின்றுவிட்டார். அவள் சட்டென்று அப்பா போட்ட முடிச்சை அவிழ்த்தாள்.

"எங்கம்மாவ எனக்குச் சடை பின்னச் சொல்லுங்க டாக்டர்."

அம்மா சும்மா இருக்கச் சொல்லி அதட்டினாள். அதற்குள் அழகுமீனா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் அம்மா கைகளைத் தூக்கினாள். இடது கை தலைக்கு வந்தது. வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மாவின் கண் கலங்கியது.

டாக்டரம்மா எழுந்து வந்து தோளைத் தொட்டுப் பார்த்தார். "இது தோள் வலிம்மா. இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"தோளும் கைதான டாக்டர்?" என்றாள் அம்மா.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. விழுந்த பிறகு வலிக்குப் பயந்து அசைக்காமலே வைத்திருந்ததில் தோள் மூட்டு இறுகிப்போயிருந்தது. சரியாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டரம்மா. தினமும் பயிற்சியாக, சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அழகுமீனா சுவரோடு ஒட்டி நின்று, தன் உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டாள்.

"இம்புட்டு வந்தாப் போதும்மா. இதான் என் தலை."

அம்மாவின் விரல்கள் சில நாள் ஓர் அங்குலம் ஏறின. சில நாள் ஏறவே இல்லை. அம்மன் கோவிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா வந்தது. மற்ற பிள்ளைகள் பூ வைத்துப் பின்னிய சடையை ஆட்டிக்கொண்டு ராட்டினம் சுற்றினார்கள். அழகுமீனா பார்சல் கட்டோடு சுற்றினாள். அழவில்லை, ஆனால் அழுகை வந்தது.

முழுப் பரீட்சை தொடங்கிய அன்று காலையில் அம்மாவின் விரல்கள் கோட்டைத் தாண்டின.

"சீப்ப எடுத்துட்டு வா," என்றாள்.

சடை ஒன்று காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. கோணலாக இருக்கிறதே, கொஞ்சம் சரிசெய்கிறேன் என்று அப்பா பக்கத்தில் வந்தார்.

"தொட்டுராதீகப்பா," என்று இரண்டு சடையையும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய்விட்டாள் அழகுமீனா.